அகரத்தில் தொடங்கிய கொலை

ஏழு கண்டங்களிலும், நிலாக் குடியிருப்பின் இரண்டு வளாகங்களிலும் பரவி வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்: உலகத் திரைப்பட வரலாறு நேற்று மாலையிலிருந்து திருத்தி எழுதப்படுகிறது. அதற்கு முன் எழுதப்பட்டவை செல்லாது. வைத்திருப்போர் அவற்றை அருகிலுள்ள நூலகத்தில் ஒப்படைத்துவிட்டு மனநிம்மதி பெறலாம்.

அறிவிப்பை வெளியிட்டது தேசியத் திரைநினைவுக் கழகம். எழுதியவர் அதன் தலைவர் முனைவர் ஞானவரோதயன். மொத்தம் நான்கு பத்தி. மூன்றில் அவர் பெயர் இருந்தது. நான்காவதில் ஒரு பழைய படத்தைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருந்தார்.

படத்தின் பெயர் 'ஏரியில் ஒரு மிதியடி'. 1981இல் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. துப்பறியும் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, பத்தே ரீல். எடுத்தவர் சேலத்துக்காரர், முடியழகன். கேசவன் என்று பெற்றோர் வைத்த பெயரைத் தூய தமிழாக்கி அப்படி வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்ட மறு வருடமே வழுக்கை விழ ஆரம்பித்தது. அதன் பிறகு அவர் வேறு படம் எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. அறுபது வருடம் கழித்துச் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை இடித்தபோது பரணிலிருந்து பத்துத் தகர டப்பாக்கள் உருண்டு விழுந்தன. கழகத்தின் இயந்திரம் அவற்றைத் துடைத்து, ஒட்டி, வரிசைப்படுத்திப் படமாக்கிக் கொடுத்தது.

முனைவர் பார்த்தார். அசந்துபோனார். அசந்ததில் நியாயம் உண்டு.

படம், ஏரிக்கரையில் ஒரு போலீஸ் அதிகாரி தேம்பித் தேம்பி அழுவதில் தொடங்குகிறது. யாருக்காக அழுகிறார் என்று தெரியாது. அடுத்து ஓர் எஸ்டேட் முதலாளி நிம்மதியாக இட்லி சாப்பிடுகிறார். படம் ஆரம்பித்து அரை மணி கழித்துத்தான் தணிக்கைச் சான்றிதழும் நடிகர்களின் பெயர்களும் வருகின்றன. கடைசியில் கொலைகாரன் பிடிபட்டு, மன்னிப்புக் கேட்டு, திரையில் 'வணக்கம்' என்றும் போட்டுவிடுகிறார்கள். எழுந்து செருப்பைத் தேடுகிறோம். படமோ முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கொலையே நடக்கிறது! முதலாளியின் மிதியடி ஏரியில் மிதக்கிறது. அதன் மேல் ஒரே ஒரு சொல் எழுந்து வந்து நிற்கிறது: 'இடைவேளை'.

"இரண்டு இருள்களுக்கு நடுவே வாழ்க்கை ஓர் இடைவேளை. இதை இவ்வளவு சுருக்கமாக வேறு எவன் சொன்னான்?" என்று முனைவர் மேடைதோறும் கேட்டார். உண்மையில் வேறு எவனும் சொல்லவில்லை. வெளிநாட்டு விழா ஒன்றில் படத்தைத் திரையிட்டபோது, 'இடைவேளை' வந்ததும் சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் பாப்கார்ன் வாங்கக் கிளம்பினான். அவனைப் பண்பாடற்றவன் என்று உட்காரவைத்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் கழகத்தில் அகமீட்பி என்று இன்னோர் இயந்திரம் இருந்தது.

முடியழகனின் ஒரே மகள் டாக்டர் பொற்றொடி. அறுபத்தைந்து வயது, சேலம் நாலு ரோட்டில் பல் மருத்துவமனை. அப்பா இறந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகிவிட்டது. அவருடன் பேசலாம், வாருங்கள் என்று கழகம் அழைத்ததும் அன்றைய பற்களையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினார்.

"ஆவி கூப்பிடற மாதிரிங்களா?" என்று கேட்டார் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து.

"அய்யோ, இல்ல டாக்டர்," என்றாள் அதை இயக்கும் பொறியாளர் ஜெஸிந்தா. "ஒரு படம் எடுக்கறப்போ ஒருத்தர் ஆயிரக்கணக்குல முடிவு எடுப்பாங்க இல்லையா? எதைக் காட்டணும், எதை மறைக்கணும், எதுக்கு அப்புறம் எது வரணும்னு. அதையெல்லாம் சேர்த்து வச்சு, இப்படியெல்லாம் முடிவு எடுத்த மனசு எப்படி இருந்திருக்கும்னு மெஷின் திரும்பக் கட்டிடும். மீள்மனம்னு சொல்வோம். படம் எடுத்தப்போ இருந்த மனசு மட்டும்தான். அதுக்கு அப்புறம் நடந்தது அவருக்குத் தெரியாது."

"குரலுங்க?"

"படத்துல டீக்கடைக்காரரா வந்து ரெண்டு வரி பேசியிருக்கார். அது போதும் எங்களுக்கு."

"தேநீர்க்கடைக்காரர்," என்று பொற்றொடியின் வாய் தன்னால் திருத்தியது. அந்த வீட்டில் வளர்ந்த வாய்.

ஜெஸிந்தா பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"யாருங்க அது?"

அதே குரல். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு கண்ணு என்று எழுப்புகிற குரல்.

"அப்பா, நான் பொற்றொடிப்பா."

"விளையாடாதீங்கம்மா. என் பொண்ணுக்கு அஞ்சு வயசு." குரல் நடுங்கியது. "அவளை இங்க கூட்டிட்டு வந்துடாதீங்க. என் கை ஈரமா இருக்குது."

"ஏம்ப்பா ஈரமா இருக்குது?"

"மச்சானைத் தள்ளிட்டேன் போல இருக்குதுங்க. முதல்ல அழுதேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். சரி, எல்லாம் முடிஞ்சுதுன்னு வணக்கம் சொன்னேன். அதுக்கு அப்புறந்தான் தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகுது. நிக்கவே மாட்டேங்குது."

பொற்றொடி எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றுகொண்டார்.

மச்சான் என்றது இராசமாணிக்கத்தை. பொற்றொடிக்குத் தாய்மாமா, காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொண்டவர். படத்தின் தயாரிப்பாளரும் அவர்தான். ஏற்காட்டில் படப்பிடிப்பு பாதியில் இருந்தபோது படகு கவிழ்ந்து ஏரியில் மூழ்கிப் போனார். விபத்து என்று போலீஸ் எழுதி மூடியது. அம்மாவும் அப்படித்தான் நம்பிச் செத்தாள்.

தாழ்வாரத்தில் முனைவர் இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"டாக்டர் அவர்களே, என் மனமார்ந்த வாழ்த்துகள்!"

"எதுக்குங்க?"

"தங்கள் தந்தையார் கொலையாளி என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. சிந்தித்துப் பாருங்கள். தண்டனை முதலில், குற்றம் பிறகு! குற்றவுணர்ச்சியில் காலமே தலைகீழாகிவிட்ட ஒரு மனம்! இதைக் கற்பனையால் எடுக்க முடியாது, அம்மையீர். செய்தவனால்தான் முடியும்."

"எங்கப்பா கரப்பான்பூச்சியக்கூட முறத்துல ஏந்திட்டுப் போயி வெளிய விடுவாருங்க."

"பெரும் கலைஞர்கள் முரண்பாடுகளின் மூட்டை."

"அவரை நிறுத்திடுங்க," என்றார் பொற்றொடி. "கரண்டைப் புடுங்கி விட்டுருங்க. கேக்க முடியல என்னால."

"இயலாது. அவர் தேசியச் சொத்து."

அதற்கு மேல் நடக்கப்போவதை ஜெஸிந்தாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மீள்மனத்தின் வாக்குமூலம் செல்லும் என்று சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரிப்பார். அவர் ஒப்புக்கொண்டால் இராசமாணிக்கத்தின் சாவு கொலை என்று பதிவாகும். அப்பாவின் மீள்மனத்தைக் குற்றமனக் கூடத்தில் வைப்பார்கள். டிக்கெட் எடுத்த யாரும் எதிரில் உட்கார்ந்து, எப்படித் தள்ளினாய், அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

"எத்தனை நாளைக்கு?"

"அது அழியாது டாக்டர். எப்பவும்தான்."

"பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு," என்று முனைவர் ஆறுதல் சொன்னார்.

விசாரணைக்கு வந்தவர் நீதியரசர் தங்கையா. நல்ல மனிதர், நீண்ட வாக்கியங்களைக் கேட்டால் மட்டும் கண் சொருகும். பொற்றொடியிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் கரப்பான்பூச்சியைச் சொன்னார்.

"என் அனுபவத்துல எல்லாக் கொலைகாரனுக்கும் இப்படி ஒரு பூச்சி இருக்குதும்மா," என்றார் நீதியரசர் வருத்தமாக. "வேற ஏதாவது?"

வேறு ஏதும் இல்லை. மீள்மனத்தை ஒருமுறை பேசவைத்தார்கள். கை ஈரமாக இருக்கிறது என்றது. அறையில் ஓரிருவர் தங்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். பொற்றொடி தலை நிமிரவில்லை.

பிறகு முனைவர் எழுந்து, பத்து டப்பாக்களின் படத்தையும் திரையில் போடவைத்தார். ஒப்புதல் வாக்குமூலமே போதும். ஆனால் அவரிடம் முந்நூறு பக்கத்தில் ஒரு நூல் தயாராக இருந்தது. இப்படிப்பட்ட நிலையில் எந்த மனிதனாலும் உட்கார்ந்திருக்க முடியாது.

"இயக்குநர் ரீல்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் இடவில்லை என்பதை ஆணையம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவின் மேலும் தம் கையாலேயே ஓர் எழுத்தை வரைந்திருக்கிறார். அகராதி வரிசை. முதல் ரீல், அ. அழுகை! படமே அழுகையில்தானே தொடங்குகிறது? இரண்டாவது, உ. பிள்ளையார் சுழி. ஆனால் அதை முதலில் போடாமல் இரண்டாவதாகப் போடுகிறார். கடவுளைத் தாமதமாக அழைக்கும் குற்றவாளி! மூன்றாவது, எ. எமன்."

நீதியரசருக்குக் கண் சொருகியது.

"நான்காவது, க. கடன். ஐந்தாவது, கூ. கூற்றுவன். ஆறாவது, வாலுடன் கூடிய ஙகரம். ஙகரத்தில் தமிழில் சொல்லே கிடையாது. அதாவது, சொல்ல முடியாத குற்றம்! அடுத்து, ச. சதி. பிறகு, சு. சுடுகாடு. ஒன்பதாவது, ய. யமன். எமனும் யமனும் தனித்தனியே வருவதை நோக்குக. நிறைவாகப் பத்தாவது ரீல், கொலை நடக்கும் ரீல்: ரு. ருத்திரம்!"

"வராதுங்களே," என்றார் பொற்றொடி.

முனைவர் நின்றார். "என்ன வராது?"

"எங்கப்பாவுக்கு ரு வராது. ரகரத்துல எந்தச் சொல்லையும் தொடங்கமாட்டாருங்க. தமிழ்ல சொல்லுக்கு முதல்ல ரகரம் வராதுன்னுட்டு, மாமா பேரையே டைட்டில்ல இராசமாணிக்கம்னுதான் போட்டிருப்பாரு. போயிப் பாருங்க. எங்க வீட்டுல ரசம் கிடையாது, மிளகுசாறுதான். ரவா உப்புமா இல்லாமலே வளந்தவ நானு. அந்த மனுசன் போயி ருத்திரம்னு எழுதுவாருங்களா? ருத்திரம்கறது தமிழே இல்லீங்களே!"

"படைப்பு வெறியில் இலக்கணம்..."

"அந்தப் படத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணும்மா," என்று ஜெஸிந்தாவிடம் சொல்லிவிட்டுப் பொற்றொடி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யாருடைய கடைவாயையோ பார்ப்பதுபோல ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நீதியரசர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, இது ரு இல்லீங்க. அஞ்சு."

"எது அஞ்சு?"

"இது அஞ்சுங்க. தமிழ் எண்ணு. ரு மாதிரி இருந்தா அஞ்சு. அகரம் மாதிரி இருக்கறது எட்டு. இவரு எமன்னாரே, அது ஏழு. க ஒண்ணு. பிள்ளையார் சுழி ரெண்டு. வால் வச்ச ங மூணு. ச நாலு, சு ஆறு, கூ ஒம்பது, ய பத்து. இதைப் பள்ளிக்கூடத்துல கணக்கு நோட்டுல எழுதச் சொல்லுவாருங்க எங்கப்பா. நானும் எழுதுவேன். ஏழும் எட்டும் பதினஞ்சுன்னு, க போட்டு ரு போட்டு எழுதிட்டுப் போயி நின்னா வாத்தியார் என்ன பண்ணுவாரு? முட்டை போட்டு முட்டி போடச் சொல்லிட்டாரு."

இருபத்தோரு பேர் இருந்த அறை, எல்லோரும் தமிழர், நால்வர் தமிழுக்கு விருது வாங்கியவர்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப இந்தப் படம்..." என்று நீதியரசர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"எட்டாவது ரீல்ல தொடங்கி அஞ்சாவது ரீல்ல முடியுதுங்க. அஞ்சாவது ரீல் முடிஞ்சா இடைவேளை விடாம வேற என்னங்க பண்ணுவாங்க?"

நீதியரசர் ஜெஸிந்தாவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எழுத்துப் படிக்கற புரோகிராம் அய்யா... கையெழுத்தா இருந்ததால அகரம்னு எடுத்துக்கிச்சு. முதல் டப்பாவை எழுத்துன்னு எடுத்தா எல்லாத்தையும் எழுத்துன்னுதான் எடுக்கும். அப்புறம் அகராதி மாதிரி அடுக்கிடுச்சு. அந்த வரிசையைத்தான் அகமீட்பிக்குக் கொடுத்தோம். எதுக்கு அப்புறம் எதுங்கறதுல இருந்துதானே அது மனசைக் கட்டுது? கொலைக்கு முன்னாடியே அழுகையும் மன்னிப்பும் வந்ததும், இப்படி எடுத்தவன் பைத்தியமா இருக்கணும், இல்ல கொலைகாரனா இருக்கணும்னு அதுவே கணக்குப் போட்டிருச்சு."

"ரீலை யாரோ மாத்தி அடுக்கிட்டாங்கன்னு அதுக்குத் தோணவே இல்லையா?"

"நமக்கே தோணலையே அய்யா."

முனைவர் தொண்டையைச் செருமினார். "ஒரு கருத்து. வரிசையைக் குலைத்தது எம் கழகம் என்றால், உலகமே எழுந்து நின்று கைதட்டிய அந்தப் படைப்பின் உண்மையான இயக்குநர் யார் என்ற கேள்வி எழுகிறது..."

"நீங்களா?" என்றார் நீதியரசர். "தாராளமா இருங்க. அப்போ அந்த வாக்குமூலமும் உங்களுதாயிடும். எழுதிக்கலாமா?"

முனைவர் உட்கார்ந்தார்.

ரீல்களை ஒன்று முதல் பத்து வரை அடுக்கி இயந்திரத்துக்குக் கொடுத்தாள் ஜெஸிந்தா. பழைய மனம் அழிந்துவிடுமா என்று பொற்றொடி கேட்டார். அழியாது, ஆனால் பட்டது எதுவும் அதற்கு ஞாபகம் இருக்காது, கெட்ட கனவு கண்டு விழிக்கிற மாதிரி என்றாள் அவள். அது விழிக்கும்வரை பொற்றொடி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். வரிசை மாறினாலும் கை ஈரமாகவே இருந்துவிட்டால்?

மூச்சுச் சத்தம் வந்தது.

"தேநீர் வந்துச்சுங்களா?" என்றது குரல். "எப்பச் சொன்னேன்!"

பொற்றொடி தலைப்பை விட்டுவிட்டு இயந்திரத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வருதுங்க. உங்க கை எப்படி இருக்குதுங்க?"

"கையா? கைக்கு என்ன? பல்லுதான் வலிக்குது. இடது பக்கம், கடைவாயில. நீங்க யாருங்கம்மா?"

"நான்... பல் டாக்டருங்க."

"நல்லதாப் போச்சு. பிடுங்கணும்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நீதியரசர் முன்னால் சாய்ந்தார். "இராசமாணிக்கத்துக்கு என்ன ஆச்சுங்க?"

குரல் கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் நடுங்கவில்லை.

"என் மச்சானுங்க. நீச்சல் தெரியாது, குடிச்சுட்டு வேற இருந்தான். படகுல ஏறாதடா ஏறாதடான்னு கரையில நின்னு கத்தினேன். நீ படம் எடுக்கற அழகுக்கு நான் சொல்றதைக் கேக்கணுமான்னு சிரிச்சுட்டே போனான். நான் கரையிலதான் நின்னேன், ஊரே பாத்துச்சு. எட்டாவது படச்சுருள்ல ஏரிக்கரையில ஒருத்தர் அழுவாரு பாருங்க, அது மச்சான் போனதுக்கு அப்புறம் எடுத்தது. மிச்சம் நீளமாப் போச்சு. வெட்டுங்கன்னாங்க எல்லாரும். எனக்குத்தான் மனசு வரல."

நீதியரசர் கோப்பை மூடினார். விபத்து விபத்தாகவே இருக்கும், முடியழகனின் மீள்மனம் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படும் என்றார். சொல்லிவிட்டுத் தாள் ஒன்றை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அகரத்தைப் போட்டுப் பக்கத்தில் எட்டு என்று எழுதிப் பார்த்துக்கொண்டார்.

கழகம் மறுநாள் வேறோர் அறிவிப்பு வெளியிட்டது. அதில் ஒரே பத்திதான் இருந்தது. முனைவரின் பெயர் இல்லை.

பொற்றொடி ஊருக்குத் திரும்புமுன் ஜெஸிந்தா ரயில் நிலையத்துக்கே ஓடி வந்தாள். அவள் கண்ணில் புதிதாக ஒரு வெளிச்சம்.

"டாக்டர், எனக்கு ஒண்ணு தோணுது. அந்தக் காலத்துலயும் ஆபரேட்டர்ங்க இதே மாதிரி மாத்தி ஓட்டியிருப்பாங்களோ? எட்டை முதல்ல போட்டு? அதான் படம் படுத்திருக்குமோ? அப்படின்னா, இந்தப் படத்தைச் சரியா இதுவரைக்கும் யாருமே பார்க்கல!"

பொற்றொடி பிளாட்பாரத்துக்குப் போகாமல் நின்றார். அப்பா கொலைகாரர் இல்லை என்பதே அவருக்குப் போதும். அந்த நிம்மதியில் காலையில் நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார். ஆனால் அதற்கு மேல் ஒன்று கிடைக்கும்போல் இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஊரே கேலி செய்த மனிதர், வீட்டில் ரசத்தை ஒழித்த மனிதர், ஒருவேளை மேதையாகவும் இருந்து, ஓர் எட்டினால் மறைந்துபோயிருக்கலாம்.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டார். கழகத்தின் பெரிய அரங்கில் இருவர் மட்டும் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று 'இடைவேளை'வரை மூச்சுவிடாமல் பார்த்தார்கள். காபி வாங்கி வந்து, பத்தாவது ரீலில் 'வணக்கம்' போடும்வரை மிச்சத்தையும் பார்த்தார்கள்.

படம் நன்றாக இல்லை.